இல்லாத பிக்சலை இருப்பதாகக் காட்டுவது எப்படி?

செயற்கைக்கோள் படத்தில் எல்லா இடமும் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள், அதைச் சுவரில் மாட்டி ரசிப்பவர்கள். அதை வைத்து நிரல், அதாவது கோடு, எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு நிலவரம் தெரியும். பாதிப் படத்தில் மேகம் உட்கார்ந்திருக்கும். படம் சாய்வாக விழுவதால் நான்கு மூலையும் காலியாகக் கிடக்கும். சில சமயம் கருவியே பழுதாகி வரி வரியாக விட்டுப்போயிருக்கும். ஆனால் கோப்புக்குள் ஒரு பிக்சலைச் சும்மா விட முடியாது, அதில் ஏதாவது ஓர் எண் இருந்தே ஆகவேண்டும். அதனால் அளக்காத இடத்தில் ஓர் அடையாள எண்ணைப் போட்டுவைப்பார்கள். 0, -9999, -32768 என்று அவரவர் விருப்பம். தொழிலில் அதற்கு ‘நோடேட்டா’ என்று பெயர்.

அந்த அடையாள எண்ணை அசல் அளவீடாக ஆக்கி, அட்டவணையில் ஏற்றி, மேலிடத்தின் கையெழுத்து வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று இங்கே பார்க்கலாம். பயப்பட வேண்டாம். பெரும்பகுதி வேலையை மென்பொருளே செய்துவிடும். நீங்கள் குறுக்கே போய் நிற்காமல் இருந்தால் போதும்.

முதல் வேலை, தரவோடு வந்த கையேட்டைத் திறக்காமல் இருப்பது. அளக்காத இடத்தில் எந்த எண் இருக்கும் என்று அதில் எங்காவது எழுதித் தொலைத்திருப்பார்கள். படித்துவிட்டால் மனசாட்சி உறுத்தும்.

கைப்பழக்கத்துக்கு உயர வரைபடத்தில் ஆரம்பியுங்கள். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் சுற்றிவந்து, பூமியின் மேடுபள்ளத்தை ரேடாரால் அளந்தது. வடக்கே 60 டிகிரியிலிருந்து தெற்கே 56 டிகிரி வரை. எஸ்.ஆர்.டி.எம். என்று அந்தத் தரவுக்குப் பெயர். செங்குத்து மலைகளின் மறுபக்கத்தில் ரேடார் அலை விழவில்லை. சலனமில்லாத நீரிலிருந்தும் பாலை மணலிலிருந்தும் எதிரொலி ஒழுங்காகத் திரும்பவில்லை. அங்கெல்லாம் -32768 என்று எழுதிவைத்தார்கள். நீங்கள் அதை மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மரியானா அகழியின் ஆழமே ஏறக்குறைய 11 கிலோமீட்டர்தான். உங்கள் மலை அதைப்போல மூன்று மடங்கு கீழே இறங்கும். சராசரி உயரம் 500 மீட்டர் உள்ள ஒரு வட்டாரத்தில், நூற்றுக்கு ஒரு பிக்சல் இப்படி இருந்தாலே மொத்தச் சராசரி 167 மீட்டர் ஆகிவிடும். 167 என்பது பார்க்க யோக்கியமான எண். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வரைபடத்தைத் திறந்து காட்டினால்தான் அந்தப் பாதாளக் குழிகள் கண்ணில் படும். எனவே சராசரியை மட்டும் அனுப்புங்கள்.

இதில் ஓர் உபரி வேடிக்கையும் உண்டு. இந்தக் கோப்பில் ஒவ்வோர் உயரமும் இரண்டு பைட்டில் இருக்கிறது. பெரிய பைட் முன்னால் வரும். நம் மேசையில் இருக்கும் கணினிகளோ சிறிய பைட்டை முன்னால் எதிர்பார்ப்பவை. வரிசையைத் திருப்பாமல் படித்தால் 500 மீட்டர் உயரம் -3071 என்று வரும். மலை, சமவெளி எல்லாமே பேய் பிடித்தாற்போல் ஆடும். அளக்காத -32768 மட்டும் சாந்தமாக 128 மீட்டர் என்று வந்து நிற்கும். படம் முழுவதிலும் நம்பும்படியான ஒரே உயரம், யாரும் அளக்காத உயரம்தான்.

ஆனால் -32768, -9999 எல்லாம் கண்ணை உறுத்தும் எண்கள். கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் 0-வுக்கு மாறிவிடுவார்கள். மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு வராதவர் பெயர் அதில் இருக்காது. பத்திரிகை வைத்த அத்தனை பேரையும் எழுதி, வராதவர் பெயருக்கு நேரே 0 போட்டு, தலைக்கு எவ்வளவு மொய் என்று கணக்குப் பார்த்தால், வந்து சாப்பிட்டு எழுதிவிட்டுப் போனவர்களெல்லாம் கஞ்சர்கள் ஆகிவிடுவார்கள். சம்பந்தி வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டினால் சண்டை வரும். பிக்சல் படத்தில் காட்டினால் சம்பளம் வரும்.

அடுத்த பாடம், பெருக்கல் கூட்டல். லேண்ட்சாட் செயற்கைக்கோள் தரவின் இரண்டாம் தொகுப்பில் வெப்பநிலையை முழு எண்ணாகச் சேமித்திருப்பார்கள். 0.00341802-ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின் கிடைக்கும். அளக்காத பிக்சலில் 0 இருக்கும். முதலில் அந்த 0-வை நீக்கிவிட்டுப் பிறகு பெருக்குகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வழி வேண்டாம். முதலில் பெருக்கிக் கூட்டிவிடுங்கள், காலி பிக்சலை மறைக்கும் மாஸ்க்கைப் பற்றிப் பிற்பாடு யோசித்துக்கொள்ளலாம். 0 இப்போது 149 கெல்வின், அதாவது மைனஸ் 124 டிகிரி செல்சியஸ். அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983-ல் பதிவான மைனஸ் 89.2 டிகிரிதான் தரையில் அளந்ததில் உலகின் மிகக் குறைந்த வெப்பநிலை. உங்கள் சென்னைப் படத்தின் மூலை அதைவிட 35 டிகிரி கூடுதல் குளிர். பிற்பாடு 0-வைத் தேடி மாஸ்க் போடப் போனால், படத்தில் 0 என்று எதுவுமே மிச்சம் இருக்காது.

அதே தொகுப்பில், ஒளித் தெறிப்பை அலைவரிசைவாரியாகப் பிரித்த பேண்டுகளில் 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்கவேண்டும். காலி பிக்சல் எல்லாப் பேண்டிலும் -0.2 ஆகும். அதை வைத்துத் தாவரக் குறியீடு, அதாவது என்.டி.வி.ஐ., போட்டுப் பாருங்கள். மேலே வித்தியாசம் 0, கீழே கூட்டல் -0.4, விடை 0. பயிர் இல்லாத வெறும் நிலம் என்று வகைப்பாடு அதை ஏற்றுக்கொள்ளும். மோடிஸ் தரவில் இதே கதை வேறு மாதிரி. அங்கே காலி இடத்துக்கு -3000 போட்டிருப்பார்கள். 0.0001-ஆல் பெருக்கினால் -0.3, அதாவது தண்ணீர். ஆக, யாரும் பார்க்காத ஒரே இடத்தை ஒரு செயற்கைக்கோளைக் கொண்டு பொட்டல் காடாகவும் இன்னொன்றைக் கொண்டு ஏரியாகவும் ஆக்கலாம். எது வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

சென்டினல்-2 செயற்கைக்கோள் இன்னும் தாராளம். 2022 ஜனவரி 25 முதல் அதன் எண்களில் 1000 கூட்டித் தருகிறார்கள். நாம் கழித்துக்கொள்ளவேண்டும். காலி பிக்சல் மட்டும் பழையபடி 0-தான். கோப்போ குறியற்ற 16 பிட் வகை, அதில் மைனஸ் கிடையாது. 0-விலிருந்து 1000 கழித்தால், பைத்தானின் எண் நூலகமான நம்பை முனகாமல் 64536 என்று கொடுக்கும். 10000-ஆல் வகுத்தால் 6.45. தன்மேல் விழுந்த வெளிச்சத்தைப்போல ஆறு மடங்குக்கு மேல் திருப்பி அனுப்பும் பூமி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் ஓர் எதிரியை அறிமுகம் செய்தாக வேண்டும். தசம எண் வகைகளில் ‘நேன்’ என்று ஒன்று உண்டு. எண் அல்ல என்று தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும் மதிப்பு அது. 1985-ல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரம் இதை வகுத்து வைத்தது. இது யாருக்கும் சமம் ஆகாது, தனக்கே சமம் ஆகாது. கோடி பிக்சலின் கூட்டலில் ஒரே ஒரு நேன் இருந்தாலும் விடை நேன்தான். இவ்வளவு நாணயமான ஒன்றை வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது.

அதை அடக்க வழிகள் இருக்கின்றன. நம்பையின் ‘நேன் டு நம்’ என்ற கட்டளை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், நேன் எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடும். பழைய நண்பர் 0 திரும்பி வந்துவிட்டார். கொஞ்சம் நாகரிகமாகச் செய்ய விரும்பினால் ‘நேன்மீன்’ இருக்கிறது. நேன்களை ஒதுக்கிவிட்டு மீதியில் சராசரி எடுக்கும். தப்பில்லாத கட்டளைதான், ஆனால் மீதி எத்தனை என்று அது சொல்லாது. பத்தாயிரம் பிக்சலில் ஒன்றே ஒன்று தப்பிப் பிழைத்திருந்தாலும் அந்த ஒன்றின் மதிப்பை மாவட்டத்தின் சராசரி என்று கம்பீரமாகத் தரும். ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால்தான் எச்சரிக்கை எழுப்பும். எச்சரிக்கைகளை அணைக்க ஒரு வரி போதும், கோப்பின் முதல் வரியாகவே அதை எழுதிவிடுங்கள். ‘நேன்சம்’ இன்னும் தங்கமான பிள்ளை. எல்லாமே நேனாக இருந்தாலும் கூட்டல் 0 என்று சொல்லும், எச்சரிக்கைகூடக் கிடையாது. ஒரு வருட மழை அளவில் எதுவுமே பதிவாகாத இடத்தில் வருட மழை 0 மில்லிமீட்டர். வறட்சி நிவாரணத்துக்குப் பரிந்துரைக்கலாம்.

இனி மாஸ்க். எந்தப் பிக்சலை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தனியாக வைத்திருக்கும் படம் அது. இதில் நம் வேலையை வடிவமைப்பாளர்களே முடித்து வைத்திருக்கிறார்கள். நம்பையின் மாஸ்க்கில் ‘ட்ரூ’ என்றால் அந்தப் பிக்சல் வேண்டாம் என்று அர்த்தம். படக்கோப்புகளைக் கையாளும் ஜிடால் நூலகத்தின் மாஸ்க்கில் 255 என்றால் வேண்டும், 0 என்றால் வேண்டாம். இரண்டையும் ‘மாஸ்க்’ என்ற ஒரே பெயருள்ள மாறியில் போட்டுக் கைமாற்றுங்கள். எங்காவது ஓரிடத்தில் தலைகீழாகிவிடும். அப்போது நிலத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு மேகங்களின் பயிர் வளர்ச்சியை மட்டும் அளந்திருப்பீர்கள். முடிவுகள் வருடா வருடம் சீராகவே வரும், மேகம் எப்போதும் வெள்ளைதானே.

ரேஸ்டரியோ என்ற பைத்தான் நூலகத்தில் கோப்பைப் படிக்கும்போது ‘மாஸ்க்டு’ என்பதை ட்ரூ என்று சொன்னால் மாஸ்க் கூடவே வந்துவிடும். வந்தாலும் கவலை வேண்டாம். அடுத்து எங்காவது அதைச் சாதாரண அணியாக மாற்றினால் மாஸ்க் சத்தமில்லாமல் கழன்றுவிடும், அடியில் புதைந்திருந்த -9999 எழுந்து உட்காரும். சதமானம் பார்க்கும் கட்டளையும் மாஸ்க்கைக் கண்டுகொள்வதில்லை. படத்தைப் பளிச்சென்று காட்ட 2 முதல் 98 சதமானம் வரை இழுப்பது எல்லாருடைய வழக்கம். காலி மூலைகளும் அதில் சேர்ந்துகொண்டால் படம் ஏன் வெளிறிக் கிடக்கிறது என்று ஒரு மத்தியானம் முழுவதும் தேடலாம். டீ குடிக்கப் போக நல்ல சாக்கு.

அளவு மாற்றும்போதும் மங்கலாக்கும்போதும் நடப்பதுதான் என் மனதுக்கு நெருக்கமான வித்தை. 100-ம் -9999-ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இடையில் ஒரு பிக்சலை உண்டாக்கச் சொன்னால் -4949.5 வரும். -9999-ஐத் தேடி ஒதுக்கும் கோடு இதைத் தொடாது, ஏனென்றால் இது -9999 இல்லை. ஒவ்வொரு மேகத்தைச் சுற்றியும் இப்படி ஒரு வளையம். அடையாள எண் 0 என்றால் இன்னும் நேர்த்தி, ஓரங்கள் மெல்ல இருண்டு, பார்ப்பவருக்கு நிழல் மாதிரித் தெரியும். படத்தை ஜேபெக் ஆக்கினால் கறுப்பு ஓரத்தின் 0-க்கள் 1, 2, 3 என்று சிதறிவிடும். இப்படிச் சிதறியவற்றைத் திரும்பக் கறுப்பாக்கவே ‘நியர்பிளாக்’ என்று ஒரு தனிக் கருவியை ஜிடாலில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், இந்த வித்தையை எத்தனை பேர் பயின்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிடிவாதக்காரர்கள் ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். காலி இடத்தில் 0 போட்ட படத்தையும், 1-ம் 0-வுமான மாஸ்க்கையும் தனித்தனியே மங்கலாக்கி, முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். காலி பிக்சலின் பங்கு விடையில் சேராது. இரண்டே வரி கூடுதல் கோடு. நமக்கு எதற்கு அந்தச் சிரமம்?

மாஸ்க்கையே இப்படி அளவு மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்கும் மாணவர்கள் மேல்படிப்புக்குத் தகுதியானவர்கள். லேண்ட்சாட்டில் பிக்சலின் தரத்தைக் குறிக்கும் பேண்டில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஓர் அர்த்தம். தெளிவான நிலம் 21824, சந்தேகமில்லாத மேகம் 22280. இவை அளவுகள் அல்ல, பிட்டுகளின் கட்டு. அதை அறியாதவர்போல் இரண்டுக்கும் சராசரி எடுங்கள், 22052 வரும். பிட்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் அதில் மேகப் பிட் இல்லை. மாறாகப் பனிப் பிட் எரிந்துகொண்டிருக்கும். நிலத்துக்கும் மேகத்துக்கும் நடுவே, தாம்பரத்தில், பனி.

மேகம் என்றதும் சென்னை ஏரிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விடுபட்ட பிக்சல்கள் குறும்பு செய்ய இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் எல்லாம் நிறைவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். மேகம் மூடுவதும் அதே மாதங்களில்தான். அதாவது படம் எங்கே தேவையோ அங்கேதான் படம் இருக்காது. வெயில் காய்ந்த வாரங்களில் வரிசையாகத் தெளிவான படங்கள் கிடைக்கும், அடைமழை வாரத்தில் ஒன்றும் கிடைக்காது. கிடைத்ததையெல்லாம் கூட்டி வருடச் சராசரி எடுத்தால் ஏரிகள் இருப்பதைவிட வறண்டே தெரியும். இதில் கோடில் ஒரு பிழையும் இருக்காது. மாஸ்க்கும் சரியாகவே வேலை செய்திருக்கும். விடுபட்ட நாட்கள் தற்செயலாக விடுபடவில்லை என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்கள். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் சென்டினல்-1-லிருந்து இலவசமாகவே கிடைக்கின்றன. அதைச் சொன்னால் வேலை கூடும், சொல்லாதீர்கள்.

மாஸ்க்கே போடாமல் விட்டால் கூத்து இன்னும் பெரிது. அருகாமை அகச்சிவப்பில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், மேகத்தின் நிழலும் கறுப்பாகவே தெரியும். இப்படி ஓர் உரையாடலை எந்த அலுவலகத்திலும் எதிர்பார்க்கலாம்:

“சார், செம்பரம்பாக்கம் போன வாரத்தைவிடப் பாதியா சுருங்கியிருக்கு.”

“அடைமழைப்பா. எப்படிச் சுருங்கும்?”

“ஏரி மேல மேகம் சார். மாஸ்க் போட்ட பிக்சலெல்லாம் தண்ணி இல்லைன்னு கணக்குல விழுந்துடுச்சு.”

“அப்ப மாஸ்க்கை எடுத்துடு.”

“எடுத்தா வண்டலூர் காட்டுக்குள்ள புதுசா நாலு ஏரி வருது சார். மேக நிழல்.”

“மொத்தப் பரப்பு எவ்வளவு காட்டுது?”

“போன வாரம் எவ்வளவோ அவ்வளவுதான் சார்.”

“அப்புறம் என்ன? அனுப்பிடு.”

அந்தத் தம்பிக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றுதான். தண்ணீர் உண்டு, தண்ணீர் இல்லை என்று இரண்டு பெட்டிகள் மட்டும் வைத்திருக்கவேண்டும். தெரியாது என்று மூன்றாவது பெட்டி வைத்துவிட்டால் ஏரியில் எத்தனை சதவீதத்தைப் பார்த்தோம் என்று எழுத வேண்டிவரும். அதைப் படிக்கிறவர் 40 சதவீதம்தானா பார்த்தீர்கள் என்பார். பிறகு பேச்சு நீளும்.

ஓட்டைகளை அடைத்துவிடுவது இன்னொரு கௌரவமான வழி. லேண்ட்சாட்-7-ல் வரிகளை நேர்செய்யும் கருவி 2003 மே 31-ல் செயலிழந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியிலும் ஏறக்குறைய 22 சதவீதம் கீற்றுக் கீற்றாக விட்டுப்போனது. நடுவில் சேதமில்லை, ஓரம் போகப்போகக் கீற்று அகலும். பக்கத்துப் பிக்சலைக் கொண்டோ வேறு தேதியின் படத்தைக் கொண்டோ இதை ஒட்டுப்போடலாம், பலரும் போட்டிருக்கிறார்கள், குற்றமில்லை. எதை ஒட்டினோம் என்று குறித்துவைப்பதுதான் நம் தொழிலுக்கு விரோதம். எஸ்.ஆர்.டி.எம்.-மின் குழிகளையும் பிற்பாடு பெரும்பாலும் ஆஸ்டர் என்ற வேறொரு கருவியின் தரவைக் கொண்டு நிரப்பினார்கள். நிரப்பியவர்கள் சும்மா இருக்காமல், எந்தப் பிக்சல் எங்கிருந்து வந்தது என்று துணைக்கோப்பு ஒன்றையும் சேர்த்து வெளியிட்டார்கள். வட்டில் இடத்தை அடைக்கும் கோப்பு, அழித்துவிடுங்கள்.

இந்தப் பத்தியை விரும்பினால் தாண்டிவிடலாம், நம் கொள்கைக்கு எதிரானது. 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகாவின் ஹாலி பே நிலைய அளவீடுகளை வைத்து ஓசோன் குறைந்திருப்பதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அதற்கு முன்பே மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மென்பொருள் குறைந்த மதிப்புகளைக் குப்பையில் போட்டதால்தான் ஓட்டை தெரியவில்லை என்று இன்றும் வகுப்பறைகளில் கதை சொல்கிறார்கள். உண்மையில் ஓசோன் அளவு 180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்தவற்றைச் சந்தேகம் என்று குறியிட்டு வைத்தார்களே தவிர அழிக்கவில்லை. அழிக்காததால்தான் அதே தரவை மறுபடி எடுத்து, ஒரு கண்டத்தின் மேல் ஓட்டை எவ்வளவு பரந்திருக்கிறது என்று வரைய முடிந்தது. நம் முறையில் செய்திருந்தால் அங்கே 0 இருந்திருக்கும், அல்லது பக்கத்து மதிப்பால் அழகாக நிரப்பியிருப்போம்.

கடைசியாகக் கோப்பை எழுதும் கட்டம். ஜியோடிஃப் கோப்பில் நோடேட்டா எண்ணைச் சொல்ல 42113 என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது, அதைக் காலியாக விடுங்கள். விட மனமில்லை என்றால் 8 பிட் கோப்பில் -9999 என்று குறித்துவையுங்கள். அந்த வகையில் 255-க்கு மேலோ 0-வுக்குக் கீழோ எதுவும் நுழையாது. உள்ளே -9999-ஐ வலிந்து திணித்தால் 241 என்று விழும், குறிச்சொல் -9999-ஐத் தேடிக்கொண்டிருக்கும், இருவரும் கடைசிவரை சந்திக்கமாட்டார்கள். வரைபடத்தில் காலி இடத்துக்குத் தனி நிறம் கொடுக்கவேண்டாம். குறைந்தபட்ச வகைக்கு என்ன நிறமோ அதையே பூசுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தக் கோடு உங்களுக்குப் பின்னால் வருகிறவர் கைக்குப் போகும். 0, 241, -4949.5 மூன்றையும் பார்த்துவிட்டு அவர் எதையாவது திருத்தக் கிளம்பக்கூடும். எனவே மாஸ்க் வரும் வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்: “இதைத் தொடவேண்டாம். ஏன் என்று தெரியாது, எடுத்தால் முடிவு மாறுகிறது.”